பீர் பஞ்சால் வலசை வழி

அரசாங்கப் படிவம் எதைக் கையில் எடுத்தாலும் அதில் இரண்டு கட்டங்கள் தவறாமல் இருக்கும். ஒன்று நிலையான முகவரி. மற்றொன்று தற்கால முகவரி. இவ்விரு தொடர்களையும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்தே நமது உத்தியோக வாழ்வில் இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நேயர்கள், இக்கட்டங்களை நிரப்பும்போது ஒரு கணமேனும் பேனாவை நிறுத்தி யோசித்திருப்பார்கள். பாட்டனார் கட்டிய வீடு நிற்கும் ஊர் நிலையானதா, மாதந்தோறும் தாம் வாடகை கொடுத்துவரும் ஊர் நிலையானதா? எப்படியாயினும், நமக்கு எழுதுவதற்கு ஓர் ஊர் உண்டு. ஆண்டில் இரு முறை பெருமலையைக் கடந்து, கோடையில் ஒரு மேய்ச்சல் நிலத்திலும், குளிர்காலத்தில் மற்றொன்றிலும், இடைப்பட்ட வாரங்களில் வழியிலுமாக வாழும் மக்கள் அக்கட்டங்களில் என்ன எழுதுவார்கள்? அத்தகைய மக்கள் நடக்கும் பழைய வழி ஒன்றைப் பற்றி இங்கே சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

ஜம்முவையும் காஷ்மீரப் பள்ளத்தாக்கையும் பிரித்து நிற்கும் மலைத்தொடருக்குப் பீர் பஞ்சால் என்று பெயர். இத்தொடரில் கணவாய்கள் பல உள. அவற்றுள் பழமையாலும் புகழாலும் சிறந்து விளங்குவது 'பீர் கி கலி' எனப்படும் கணவாய். 'கலி' என்பது அம்மலைநாட்டு வழக்கில் கணவாயைக் குறிக்கும். 'பீர்' என்பது இஸ்லாமிய ஞானியைக் குறிக்கும். ஷேக் அகமது கரீம் என்னும் ஞானியின் நினைவிடம் கணவாயின் உச்சியில் அமைந்திருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் இதன் உயரம் சுமார் 3,490 மீட்டர், அதாவது ஏறக்குறைய 11,450 அடி. நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரத்தை ஏறிக் கண்டவர்கள், அதற்கு மேலும் 800 மீட்டருக்கு அதிகமாக ஏறவேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் இக்கணவாயின் உயரம் ஒருவாறு புலப்படும். தெற்கே பூஞ்ச், ரஜௌரி மாவட்டங்கள். வடக்கே ஷோபியான் மாவட்டம். தென்புறத்து ஓடைகள் பூஞ்ச் ஆற்றில் கலக்கின்றன. வடபுறத்தில் ரம்பியாரா ஆறு இறங்குகிறது. நேர் எதிர்த் திசைகளில் பிரிந்தோடும் இவ்விரு நீர்களும் இறுதியில் ஜீலம் நதியையே சென்றடைகின்றன என்பது வியப்புக்குரியது.

இவ்வழியின் வரலாறு உப்பில் தொடங்குகிறது எனலாம். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் நெல் உண்டு, பழம் உண்டு, குங்குமப்பூ உண்டு. உப்பு மட்டும் இல்லை. பஞ்சாபின் உப்புமலைகளில் வெட்டியெடுக்கப்பட்ட பாறையுப்பு, எருதுகளின் முதுகிலும் மனிதர் முதுகிலும் ஏறி மலையைக் கடந்தாக வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த காஷ்மீரக் கவிஞர் க்ஷேமேந்திரர், தமது 'சமயமாத்ருகா' என்னும் நூலில் இக்கணவாய் வழியை உப்பு வழியாகவே குறிப்பிடுகிறார்; கணவாயில் வழிப்போக்கர் தங்குவதற்கு ஒரு மடம் இருந்த செய்தியும் அதில் வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் 'இராஜதரங்கிணி' இயற்றிய கல்ஹணர், ஒன்பதாம் நூற்றாண்டு மன்னன் அவந்திவர்மனின் அமைச்சனாகிய சூரன் என்பான், மலையடிவாரத்தில் சூரபுரம் என்னும் ஊரை அமைத்து, கணவாயின் காவற்சாவடியை அங்கே மாற்றினான் என்று எழுதுகிறார். அந்தச் சூரபுரமே இன்றைய ஹிர்போரா என்பது அறிஞர் முடிபு. உமணர்கள் உப்பேற்றிய வண்டிகளோடு உள்நாடுகளை நோக்கிச் சென்ற காட்சியைச் சங்க நூல்களில் கண்ட தமிழர்க்கு, உப்பு ஒரு நெடுவழியை உண்டாக்க வல்லது என்பதைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை.

மொகலாயர் காலத்தில் இவ்வழி இராஜபாட்டையாக உயர்ந்தது. 1586இல் காஷ்மீரம் அக்பரின் ஆட்சிக்குள் வந்தது. 1589இல் அவர் முதன்முறையாக அங்கே சென்றபோது, காசிம் கான் என்பவரின் தலைமையில் கல் உடைப்போரும் மண்வெட்டுவோரும் முன்னே சென்று பாதையைச் செப்பனிட்டனர். பிம்பர், நௌஷேரா, சிங்குஸ், ரஜௌரி, தன்னா மண்டி, பஹ்ராம்கலா, போஷானா, கணவாய், அலியாபாத், ஹிர்போரா, ஷோபியான், பின்னர் ஸ்ரீநகரம் எனத் தங்கல் தங்கலாக இவ்வழி அமைந்தது. ஒரு நாள் நடைக்கு ஒரு சராய். 'சராய்' என்பது மதில் சூழ்ந்த சத்திரம். நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள், விலங்குகளைக் கட்ட இடம், குடிநீர். ஷாஜகானின் ஆட்சியில் காஷ்மீர ஆளுநராக இருந்த அலி மர்தான் கான் இச்சராய்களுள் சிலவற்றைக் கட்டுவித்தார். கணவாய்க்கு அப்பாலுள்ள அலியாபாத் சராய் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

காஷ்மீரத்தின் மீது தீராக் காதல் கொண்ட ஜஹாங்கீர், 1627இல் அங்கிருந்து திரும்பும் வழியில், ரஜௌரிக்கு அருகே உயிர் நீத்தார். உடல் லாகூர் சென்று சேரும்வரை கெடாதிருக்கும் பொருட்டு, அவருடைய குடல் முதலிய உள்ளுறுப்புகள் சிங்குஸ் சராயில் அடக்கம் செய்யப்பட்டன என்பர். 'சிங்குஸ்' என்னும் பெயரே பாரசீகத்தில் குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று அவ்வூரார் கூறுகின்றனர். ஔரங்கசீப்பின் பரிவாரத்தோடு இவ்வழி சென்ற பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, ஏற்றத்தில் முன்னே சென்ற யானை ஒன்று மிரண்டு பின்வாங்க, அதன் பின்னே வந்த யானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடறிச் சுமார் பதினைந்து யானைகள் பள்ளத்தில் வீழ்ந்த கோர நிகழ்ச்சியை எழுதி வைத்திருக்கிறார். மலை அரசரென்றும் ஆண்டியென்றும் பார்ப்பதில்லை. 1814இல் ரஞ்சித் சிங்கின் சேனையும் இம்மலையில் மழையாலும் எதிர்ப்பாலும் முறியடிக்கப்பட்டது. 1819இல் மீண்டும் இவ்வழி வந்தே அது காஷ்மீரத்தைக் கைப்பற்றியது.

பெருவழிகளுக்கும் முதுமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ராவல்பிண்டியிலிருந்து ஜீலம் பள்ளத்தாக்கு வழியாகச் ஸ்ரீநகருக்கு வண்டிச் சாலை ஏற்பட்டது. 1922இல் ஜம்முவிலிருந்து பனிஹால் வழியாகச் செல்லும் சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சக்கரம் செல்லும் வழி இருக்க, சுமை விலங்கோடு கணவாயில் ஏறுவார் யார்? வணிகச் சாத்துகள் பீர் பஞ்சாலைக் கைவிட்டன. 1947இல் நாடு பிரிந்தபோது வழியின் தென்தலையாகிய பிம்பர் எல்லைக் கோட்டிற்கு அப்பால் சென்றுவிட்டது. 1956இல் பனிஹாலில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் பழைய இராஜபாட்டையை நினைப்பாரும் அரிதாயினர். சராய்களின் கூரை விழுந்தது. சுவரில் செடி முளைத்தது.

ஆயினும் வழி அழியவில்லை. அதை அழியாமல் காத்தவை ஆடுகள். குஜ்ஜர்கள், பக்கர்வால்கள் என்னும் இரு இனத்தார், அரசர்கள் வந்தபோதும் போனபின்பும், ஆண்டுதோறும் இவ்வழியே நடந்துகொண்டிருந்தார்கள். குஜ்ஜர்களுள் வலசை செல்வோர் பெரும்பாலும் எருமை வளர்ப்பவர். பக்கர்வால்கள் வெள்ளாடும் செம்மறியும் வளர்ப்பவர். ஆட்டைக் குறிக்கும் 'பக்ரி' என்னும் சொல்லிலிருந்தே பக்கர்வால் என்னும் பெயர் வந்தது. இவ்விரு இனத்தாரும் பேசும் கோஜ்ரி மொழி, சுற்றிலும் வழங்கும் காஷ்மீரிக்கு உறவன்று; தொலைவிலுள்ள இராஜஸ்தானி மொழிகளுக்கு நெருங்கிய உறவு. எந்நாளோ எங்கிருந்தோ நடந்து வந்த மக்கள், தம் மொழியைத் தோளில் சுமந்து வந்திருக்கிறார்கள். 1991இல் இவ்விரு இனத்தாரும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி பக்கர்வால்கள் சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம் பேர்.

அவர்களுடைய ஆண்டுக் கணக்கு எளியது. குளிர்காலத்தில் ரஜௌரி, பூஞ்ச், ரியாசி முதலிய மாவட்டங்களின் தாழ்குன்றுகளில் தங்குகிறார்கள். ஏப்ரலில் வெயில் ஏறப் புல் காயத் தொடங்கும். உடனே கூடாரத்தைப் பிரிக்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில் கணவாய்களைக் கடந்து உயர்ந்த புல்வெளிகளை அடைகிறார்கள். அப்புல்வெளிகளுக்கு ஜம்முப் பக்கத்தில் 'தோக்' என்றும், காஷ்மீரப் பக்கத்தில் 'பஹக்' என்றும் பெயர். சிலர் அங்கும் நில்லாமல் ஜோஜி லா கணவாயைத் தாண்டி திராஸ் வரையிலும், சிலர் கிஷ்த்வாரின் வார்வன், மார்வா பள்ளத்தாக்குகள் வரையிலும் செல்வதுண்டு. செப்டம்பரில் உச்சியில் பனி விழும் அறிகுறி தோன்றியதும் வந்த வழியே இறங்குகிறார்கள்.

சென்ற ஆண்டு மே மாத இறுதியில், அதிகாரிகளின் அனுமதி பெற்று, பஃப்லியாஸ் என்னும் ஊரிலிருந்து ஹிர்போரா வரையில் இவ்வழியே நடந்து சென்றோம். பஃப்லியாஸிலிருந்து ஷோபியானுக்கு 84 கிலோமீட்டர் நீளமுள்ள மோட்டார்ச் சாலை ஒன்று இந்நூற்றாண்டில் அமைக்கப்பட்டது. மொகலாயச் சாலை என்றே அதற்குப் பெயர். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். மற்றக் காலங்களில் ஒரு காரில் சில மணி நேரத்தில் மலையைக் கடந்துவிடலாம். நாம் நடந்தே செல்ல விரும்பியதன் காரணம், மந்தையின் வேகத்தில் இவ்வழியைக் காணவேண்டும் என்பதே.

முதல் நாள் பஹ்ராம்கலாவுக்கு அருகே, ஆற்றோரத்தில், நான்கு குடும்பங்கள் கொண்ட ஒரு பக்கர்வால் கூட்டத்தைச் சந்தித்தோம். அங்கே நூரி சம்ப் என்னும் அருவி பாறை விளிம்பிலிருந்து புகையாய் இறங்குகிறது. நூர்ஜஹானின் பெயரால் வழங்குவது அது. கூட்டத்தின் முதியவரைச் 'சாச்சா' என்று அழைத்தோம். அவர் நம்மைப் 'பாபுஜி' என்றார். முந்நூறுக்குக் குறையாத ஆடுகள், ஒன்பது குதிரைகள், மூன்று நாய்கள், நான்கு கூடாரங்கள். இவ்வளவே அவர்களுடைய ஊர். "எங்களோடு வருவதானால் வாருங்கள், ஆனால் ஆடு நடக்கும்போதுதான் நடக்கவேண்டும், ஆடு நிற்கும்போதுதான் நிற்கவேண்டும்" என்றார் சாச்சா.

அந்நடையின் ஒழுங்கைக் கண்டு வியந்தோம். விடியுமுன்பே கூடாரங்கள் இறங்கிவிடுகின்றன. குதிரைகளின் மீது கம்பளம், சட்டி பானை, மாவு மூட்டை, கோழி, நடக்க இயலாத குழந்தை, முந்திய இரவு பிறந்த ஆட்டுக்குட்டி, எல்லாம் ஏற்றப்படுகின்றன. பெண்களும் குழந்தைகளும் குதிரைகளோடு சாலை வழியே முன்னே சென்று அடுத்த தங்கலில் அடுப்பு மூட்டுகிறார்கள். ஆண்கள் மந்தையை மலைச்சரிவின் மேற்பாதையில் மேய்த்துக்கொண்டே மெல்லப் பின்வருகிறார்கள். ஆகவே நடை என்பது வெறும் பயணமன்று, அதுவே மேய்ச்சல். கீழே புல் முற்றிவிட்டது. உச்சியில் பனி இன்னும் உருகவில்லை. நடுவே பனி விலகும் இடந்தோறும் நாளுக்கு நாள் இளம்புல் மேலேறிச் செல்கிறது. அவ்விளம்புல்லின் பின்னாலேயே மந்தை ஏறுகிறது. மெல்ல ஏறுவதால் விலங்கின் உடலும் உயர்ந்த இடத்தின் குளிருக்கும் மெலிந்த காற்றுக்கும் பழகிக்கொள்கிறது. இராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஆட்டுக் கிடையோடு ஊர் ஊராய்ச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு இவ்வறிவு அந்நியமாய்த் தோன்றாது. இங்கே வயலுக்குப் பதில் மலை, அவ்வளவே வேறுபாடு.

தங்கல்களில் தட்டையான பாறைகளைத் தேடிப் பிடித்து, அவற்றின்மேல் உப்பைத் தூவுகிறார்கள். ஆடுகள் ஓடிவந்து நக்குகின்றன. பல்லாண்டு காலம் நாக்குகள் பட்டுப் பட்டு அப்பாறைகளுள் சில வழவழப்பாகியிருப்பதைத் தடவிப் பார்த்தோம். அரசரின் சாத்துகள் ஒழிந்துபோன பின்பும், உப்பு இவ்வழியில் இன்றும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில், போஷானாவுக்கு மேல், ஒரு வளைவில், மந்தையின் ஒரு பகுதி சாலையைக் கடக்கவேண்டியிருந்தது. மேலிருந்து இறங்கிவந்த லாரி ஒன்று வேகம் குறையாமலே புகுந்து சென்றது. தாய் ஆடுகள் இரண்டு மாண்டன. வண்டி நிற்கவில்லை. சாச்சா ஒரு சொல்லும் கூறாமல், இறந்த ஆடுகளைச் சாலையோரத்திற்கு இழுத்தார். அவருடைய மனைவியார், தாயை இழந்து கத்திய ஒரு குட்டியை எடுத்துச் சால்வைக்குள் செருகிக்கொண்டார். அன்று மாலை, குட்டியை இழந்திருந்த வேறோர் ஆட்டின் முன் அதை விட்டார்கள். அந்த ஆடு முட்டித் தள்ளியது. அம்மூதாட்டி குட்டியின் முதுகில் உப்பு நீரைத் தடவினார். ஆடு முகர்ந்தது; நக்கியது; மீண்டும் நக்கியது. நெடுநேரம் கழித்துப் பால் கொடுத்தது. அவ்விரவு கூடாரத்தில் உப்புத் தேநீர் அருந்தியவாறு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எவரும் உறங்கச் செல்லவில்லை.

அன்றிரவுதான் லாரிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அண்மை ஆண்டுகளில் அரசாங்கமே வலசைக் குடும்பங்களை லாரிகளில் ஏற்றி மேய்ச்சல் நிலங்களின் அருகே கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டைச் செய்துவருகிறது. வாரக்கணக்கான நடை ஓரிரு நாளில் முடிகிறது. சாலை விபத்துகளும் குறைகின்றன. நல்லதுதானே என்று கேட்டோம்.

"நல்லதுதான், பாபுஜி. ஆனால் கீழே ஏற்றுகிற இடத்தில் புல் இல்லை. மேலே இறக்குகிற இடத்தில் பனி. நடுவே இருக்கிற இருபது நாள் புல்லை யார் மேய்வது? லாரி மேயுமா?" என்றார் சாச்சா.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அவருடைய மருமகள் திரும்பாமலே சொன்னார்: "என்னைக் கேட்டால் லாரிதான் வேண்டும். என் மூத்த பையன் இந்த மலையில், மழையில், கூடாரத்துக்குள் பிறந்தான். மருத்துவச்சி கிடையாது. அன்று நான் பிழைத்தது அல்லாவின் கருணை. ஆட்டுக்குப் புல் வேண்டும் என்பது சரி. எங்களுக்கு ஒன்றும் வேண்டாமா?"

சாச்சா பதில் கூறவில்லை. சிறிது நேரம் கழித்து, "அவள் சொல்வதும் சரி" என்றார். ஆடுகள் ஆண்களோடு நடக்க, பெண்களும் குழந்தைகளும் வண்டியில் செல்வது என்று இப்போதே சில குடும்பங்கள் பழகி வருவதாக அவர் பின்னர் கூறினார். வலசை வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்து, இது அழகு, இப்படியே இருக்கட்டும் என்று சொல்வது நமக்கு எளிது. அதில் பிரசவ வேதனைப்பட்டவர் அப்படிச் சொல்லமாட்டார் என்பதை அவ்விரவு அறிந்தோம்.

கணவாயை அடைந்தபோது சாலையின் இருமருங்கும் பனி ஆளுயரத்துக்கு மேல் சுவராய் நின்றது. மந்தை சாலையை விட்டு, பனி விலகிய சரிவில் வரிசையாய் ஏறியது. ஞானியின் நினைவிடத்தில் ஒவ்வொருவரும் ஒரு நொடி நின்று வணங்கினார்கள். வேறு சடங்கு இல்லை. அப்பால் இறங்கியதும் அலியாபாத் சராயின் சிதைந்த மதில்கள் தென்பட்டன. ஒரு காலத்தில் பேரரசரின் பரிவாரம் தங்கிய முற்றத்தின் அருகே, அன்று மாலை நம்முடைய ஆடுகள் படுத்து அசைபோட்டன. மறுநாள் ரம்பியாரா ஆற்றின் ஓரமாக, தேவதாருவும் ஃபர் மரமும் அடர்ந்த காட்டினூடே ஹிர்போராவை நோக்கி இறங்கினோம்.

ஹிர்போராக் காடு ஒரு வனவிலங்குச் சரணாலயம். திருகிய நீண்ட கொம்புடைய மார்கோர் என்னும் காட்டாட்டின் அரிய உறைவிடங்களுள் அது ஒன்று. மோட்டார்ச் சாலையும் மேய்ச்சலும் சேர்ந்து அவ்விலங்கை நெருக்குகின்றன என்பது வனப் பாதுகாவலரின் கவலை. அக்கவலை பொய்யன்று. மேய்ப்பவர் கூறும் பதிலும் பொய்யன்று: கீழே குளிர்கால நிலங்கள் வேலியடைக்கப்பட்டன, எல்லையோரத்து நிலங்களில் காவல் கெடுபிடி மிகுந்தது, சாலையோரத்துத் தங்கல்களில் கடைகளும் கட்டடங்களும் எழுந்தன, எங்கும் இடம் சுருங்கச் சுருங்க, எஞ்சிய இடத்தில் மேய்ச்சல் மிகுகிறது என்கிறார்கள் அவர்கள். தங்கல் ஒன்று போனாலும் வழி முழுவதும் போனதற்குச் சமம். நடுவே ஒரு படி உடைந்தால் ஏணி முழுவதும் பயன்படாது அன்றோ?

இவ்விடத்தில் சட்டம் ஒன்றைப் பற்றிக் கூறவேண்டும். 2006இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம், காட்டில் குடியிருப்போரின் உரிமையை மட்டுமன்றி, பருவந்தோறும் வந்து செல்லும் மேய்ப்பர்களின் மேய்ச்சல் உரிமையையும் ஏற்றுக்கொள்கிறது. ஜம்மு காஷ்மீரத்தில் இச்சட்டம் 2019 அக்டோபர் 31 முதலே செல்லுபடியாயிற்று. உரிமை கோரும் மனுவுக்குச் சான்று வேண்டும். எழுத்தறியாத, ஓரிடத்தில் தங்காத மக்கள் எந்தக் கிராமசபையில், எந்த மாதத்தில், எந்தச் சான்றோடு நிற்பது என்பதே இன்றைய பெரும் சிக்கல். வலசைப் பிள்ளைகளுக்கென, ஆசிரியர் உடன் சென்று கற்பிக்கும் பருவகாலப் பள்ளிகள் உண்டு. அவற்றில் படித்த இளைஞர் சிலரே இன்று தம் முதியோருக்காக மனுக்களை எழுதித் தருகிறார்கள். சாச்சாவின் பேரனும் அவர்களுள் ஒருவன்.

இச்சட்டத்தை முன்பு படித்தபோது, அதில் வரும் மேய்ப்பர்களைக் குறிக்க 'நாடோடிகள்' என்னும் சொல்லையே குறித்து வைத்திருந்தோம். நடந்து வந்தபின் அச்சொல் உறுத்துகிறது. நாடோடி என்றால், போகுமிடம் தெரியாமல் அலைபவன் என்று நம் வழக்கில் பொருள் ஏறிவிட்டது. சாச்சாவோ, தம் பாட்டனார் கூடாரம் அடித்த அதே புல்வெளிக்கு, அதே பருவத்தில், அதே கற்களைத் தாண்டிச் செல்கிறார். இதற்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று முன்னரே உண்டு. பறவைகள் பருவம் பார்த்துப் போய்த் திரும்புவதை 'வலசை' என்கிறோம். திரும்பி வருதல் என்னும் உறுதி அச்சொல்லுக்குள் இருக்கிறது. ஆகவே இவர்களை வலசை மேய்ப்பர் என்பதே பொருந்தும். ஒரு சொல்லால் வயிறு நிறையாது. ஆயினும், அலைபவனுக்கு வழியில் உரிமை இல்லை என்று கருதும் அதிகாரி, வலசை வருபவனுக்கு வழி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள அச்சொல் சிறிதேனும் துணைசெய்யக் கூடும்.

இவ்வழியைக் காண விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களே ஏற்றவை. சாலை திறந்திருக்கிறதா என்பதை விசாரித்துப் புறப்படுக. தன்னா மண்டியில், சிக்ரி என்னும் மரத்தில் செதுக்கிய சீப்புகளும் கரண்டிகளும் கிடைக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. வழியில் மந்தை எதிர்ப்பட்டால், ஒலிப்பானை அழுத்தாமல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துக. ஐந்து நிமிடத்தில் மந்தை கடந்துவிடும். சாலை நமக்கு இந்நூற்றாண்டில் வந்தது. வழி அவர்களுக்கு அதற்கு முன்பே இருந்தது.

ஹிர்போராவில் விடைபெறும் வேளையில், நமது பழைய கேள்வியைச் சாச்சாவிடம் கேட்டோம்: படிவத்தில் நிலையான முகவரி என்று கேட்டால் என்ன எழுதுவீர்கள்? அவர் இடுப்புப் பையிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் பொதிந்த ரேஷன் அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் ரஜௌரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் இருந்தது. "எழுதுகிறவர் ஏதாவது ஒரு ஊர் வேண்டும் என்றார், இதைச் சொன்னேன். இந்த ஊரில் ஐந்து மாதம் இருக்கிறேன். மேலே நான்கு மாதம். மிச்சம் மூன்று மாதம் வழியில். வழியை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை, பாபுஜி."

அதற்குள் மந்தை நகரத் தொடங்கிவிட்டது. சாச்சா அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கோலை எடுத்து, ஆடுகளின் பின்னே நடந்தார். உப்புத் தடவப்பெற்ற குட்டி, தன் புதிய தாயின் பக்கத்தில் சென்றுகொண்டிருந்தது.